சிரிக்கும் சேமக்காலை

உயிரோடிருந்த காலத்தில் ஊரெல்லாம் தூற்றிய மனிதனும் பாடையேறிய மறுகணமே உத்தமனாகி விடுகின்றான். இறந்தவர் குறையைப் பேசலாகாது என்பது பெரும்பாலும் எந்நாட்டவர்க்கும் பொதுவான வழக்கு. இவ்வழக்கைச் சற்றும் பொருட்படுத்தாத கிராமமொன்று ஐரோப்பாக் கண்டத்தில் உண்டு.

ருமேனியா நாட்டின் வடகோடியில், மரமுரெஷ் என்னும் மாவட்டத்தில் உள்ளது அக்கிராமம். சப்பன்சா என்பது அதன் பெயர். அருகே திசா ஆறு ஓடுகின்றது. அதற்கு அப்பால் உக்ரேன் நாடு. பாரிஸ் மாநகரில் 1804ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பேர் லஷேஸ் மயானம் போன்று சலவைக்கல் மாடங்களையும் சிற்பங்களையும் இங்கே எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவர். இங்குள்ளவை வெறும் மரச் சிலுவைகளே. ஆனால் அவை எண்ணூறுக்கும் மேற்பட்டவை. அத்தனையும் ஓக் மரத்திற் செதுக்கி, வானத்தை நிகர்த்த நீல வர்ணந் தீட்டப் பெற்றவை. ஒவ்வொன்றின் தலையிலும் மழைக்கு ஒதுங்கச் சிறு கூரை. அதன் கீழ் இறந்தவரின் உருவம்: ஒருத்தி கம்பளி நூல் நூற்கின்றாள், ஒருவன் ஆடு மேய்க்கின்றான், இன்னொருவன் போத்தலுங் கையுமாக அமர்ந்திருக்கின்றான். அந்நாட்டவர் இதனை ‘மகிழ்ச்சிச் சேமக்காலை’ என்றே அழைக்கின்றனர்.

இதனைத் தோற்றுவித்தவர் அரசருமல்லர், குருவானவருமல்லர். ஸ்ரான் இயோன் பத்திராஷ் என்னும் உள்ளூர்த் தச்சரே அவர். 1908ஆம் ஆண்டு பிறந்த இவர், பதினான்கு வயதிலேயே சிலுவை செதுக்கத் தொடங்கினார். செய்யுள் பொறித்த சிலுவைகளை 1935ஆம் ஆண்டளவில் செய்யலானார். ஊரில் ஒருவர் இறந்தால் அவரைப் பற்றி அயலவர் பேசுவனவற்றைக் கேட்டறிந்து, பேச்சு வழக்கிலேயே சில அடிகள் கட்டுவார். அவ்வடிகளில் இறந்தவரே தம் வாயாற் பேசுவார். இதுவே நாம் ஊன்றி நோக்கவேண்டிய புதுமை.

அவர்கள் பேசுவதும் பூசி மெழுகிய பேச்சன்று. மதுவால் மாண்டவன் அதனைத் தானே சொல்கின்றான். ஒரு மருமகன் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லும் செய்யுளும் உண்டு: அம்மையாரை எவரும் எழுப்பிவிட வேண்டாமாம், எழுந்தால் வீட்டுக்கு வந்து மறுபடியும் ஏசத் தொடங்கி விடுவாராம்!

இதனை அறியும்போது எமது யாழ்ப்பாணத்துக் ‘கல்வெட்டு’ நினைவுக்கு வராமற் போகாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வந்தோர்க்கு வழங்கும் அச்சிட்ட நூலைத்தான் சொல்கின்றோம். பெயர் கல்வெட்டாயினும் அது கடதாசியே. சிதையில் எரிந்தவர்க்குக் கல்லேது? அதிலே வமிச வரலாறு இருக்கும்; திதி வெண்பா இருக்கும்; மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என வரிசையாகப் புலம்பல்கள் இருக்கும். எல்லோரும் பேசுவர்; இறந்தவர் மாத்திரம் பேசமாட்டார். குடியாற் கெட்டவரைக் குடியாற் கெட்டவரென்றே எழுதத் துணிந்த கல்வெட்டு எதனையும் நாம் கண்டதில்லை. வெண்பாவில் தளை தட்டினாற் பொறுப்பர். உண்மை தட்டினால் எவர் பொறுப்பர்?

சப்பன்சா மக்களின் இத்துணிவுக்குக் காரணங் கூறுவோர், அந்நிலத்தின் பண்டைக் குடிகளிடம் செல்வதுண்டு. அங்கு வாழ்ந்த கெற்றே இனத்தார் தம்மை இறவாதவர்களாக நம்பினரென்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோற்றஸ் எழுதி வைத்துள்ளார். ஆயினும் 1935இல் ஒரு தச்சர் செய்ததற்கு இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு பின்னோக்கிப் போவானேன்? ஒருவரையொருவர் நன்கறிந்த சிறிய ஊர் அது. அங்கே பொய்யெழுதினால் நம்புவார் யார்?

‘மகிழ்ச்சி’ என்ற பெயரும் முற்றும் பொருந்துவதாக எமக்குத் தோன்றவில்லை. மூன்று வயதுக் குழந்தையொன்றின் சிலுவை அங்கே நிற்கின்றது. வீட்டருகே வாடகைக் கார் ஒன்று மோதி அக்குழந்தை இறந்தது. சிலுவையிற் காரும் குழந்தையும் செதுக்கப்பட்டுள்ளன. கீழே உள்ள செய்யுளில் அக்குழந்தை, சிபியு நகரத்திலிருந்து வந்த அந்தக் காரைச் சபிக்கின்றது. விதியென்றோ இறைவன் சித்தமென்றோ அங்கு ஒரு சொல்லும் இல்லை. ஆறுதல் எதுவும் சொல்லாது, பெற்றோரின் கோபத்தை அப்படியே மரத்தில் நிறுத்தி வைத்தார் சிற்பி. மாமியாரைக் கண்டு சிரித்து வருவோர் இவ்விடத்தில் என்ன செய்வரோ!

பத்திராஷ் 1977ஆம் ஆண்டு காலமானார். அவருடைய மாணாக்கர் துமித்ரு போப் அத்தொழிலைத் தொடர்ந்தார்; ஆசிரியர் வாழ்ந்த வீடு நூதனசாலையாயிற்று. தமக்குரிய சிலுவையையும் செய்யுளையும் பத்திராஷ் முன்னரே ஆக்கி வைத்திருந்தார். ஊராரின் குடியையும் சண்டையையும் வேடிக்கையாக எழுதிய அவர், தம்மைப் பற்றி வேடிக்கை எதுவும் எழுதவில்லை. தாம் பொய் சொல்லப் போவதில்லை என்று தொடங்கி, எவர்க்கும் தீங்கு நினைத்ததில்லை, கேட்டவர்க்கு இயன்றதைச் செய்தேன் என்கின்றார். இவ்வுலகில் வாழ்வது கடினமாகவே இருந்தது என்று முடிக்கின்றார்.