உஷார்! வறண்ட ஏரிக்குள் காரைத் திருப்பாதீர்கள்

"அங்கிள், ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரைக்கு ஏரிக்குள்ள பிராக்டிஸ். நீங்களும் வந்து பாருங்களேன்."

செம்பாக்கத்தில் எங்கள் தெருப் பையன் இப்படிச் சொன்னதும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம். செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய ஜென் வாங்கி, பின் சீட்டைக் கழற்றி எறிந்து, ஏதோ ஒரு வெல்டிங் பட்டறையில் குழாயை வளைத்து 'ரோல் கேஜ்' என்று ஒன்றை உள்ளே மாட்டி வைத்திருக்கிறான். அடுத்த சீசனில் ஆட்டோகிராஸ் ஓட்டுவதாகத் திட்டம். அந்த ஆசையில் எனக்குக் குறையே இல்லை. வயிற்றைக் கலக்கியது அந்த ஏரிதான்.

கத்திரி வெயிலில் தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகள் வற்றத் தொடங்கியதும் இந்த 'பிராக்டிஸ்' ஜுரம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து அப்பா அம்மாக்களே, உங்கள் வீட்டுப் பையனின் கார் டயரில் காலையிலேயே செம்மண்ணோ களிமண்ணோ அப்பியிருந்தால் கொஞ்சம் விசாரியுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ராலிகிராஸ் என்பது பாதி தார், பாதி மண் கொண்ட சின்னச் சுற்றுப் பாதையில் நாலைந்து கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் பந்தயம். 1967-ல் இங்கிலாந்தின் லிடன் ஹில்லில், டிவிக்காக நடத்திய ஒரு போட்டியில் பிறந்தது. 2014 முதல் உலக சாம்பியன்ஷிப்பும் உண்டு. நம்மூரில் புதியவர்களுக்கு வாசல் திறப்பது அதன் சாதுவான தங்கச்சியான ஆட்டோகிராஸ். மண் பாதை, கடிகாரத்தோடு போட்டி, பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கார். முறையாக நடந்தால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஏரிக்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பையனைக் கேட்டேன். "ஒண்ணும் இல்ல அங்கிள், ஃப்ளாட்டா கிரவுண்டு மாதிரி இருக்கு" என்றான்.

ஒன்றும் இல்லையா? மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். இரண்டு அங்குலத்துக்குக் கீழே சேறு. சவுடு மண் அள்ளிய குழி இருக்கும், பக்கத்தில் போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. ஓரத்து வயல்களில் சுற்றுச்சுவர் இல்லாத தரைக்கிணறு இருக்கும், அதைச் சுற்றிப் புல் வேறு மண்டியிருக்கும். எருமை நிற்கும். விடிகாலையில் ஏரிக்குள் வேறு யார் யார், எதற்காக உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது வரப்பு. கார் பல நேரம் உருள்வது நேராக மோதி அல்ல. பக்கவாட்டில் சறுக்கிப் போகும்போது டயர் மண்ணில் புதைந்தால், அல்லது அரையடி வரப்பில் தட்டினால், கால் இடறியவன் மாதிரி வண்டி தலைகுப்புற விழுகிறது. சறுக்க வைப்பதுதானே பிராக்டிஸே? அப்படியென்றால் வரப்புள்ள இடத்தில் செய்கிற ஒவ்வொரு ஹேண்ட் பிரேக் திருப்பமும் உருளுவதற்கான ஒத்திகை.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். காய்ந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்த பிறகு சுமார் 18 மீட்டரில் நிற்கிற வண்டி, உதிரி மண்ணில் 28 மீட்டரைத் தாண்டும். "ஐயோ குழி!" என்று மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு நொடியையும் சேர்த்தால் 45 மீட்டர். வேகத்தை இரட்டித்தால் பிரேக் தூரம் நாலு மடங்கு. முன்னால் போன நண்பனின் வண்டி கிளப்பிய புழுதிக்குள் 45 மீட்டர் தெரியுமா? போனட் முனை தெரிந்தாலே அதிர்ஷ்டம்.

விழுந்த பிறகு? 108-க்கு அடித்தால் முதல் கேள்வி "எந்த இடம் சார்?" என்பதுதான். ஏரி நடுவில் நின்றுகொண்டு என்ன அடையாளம் சொல்வாய், தம்பி? கரையில் ஏறி ஆம்புலன்ஸ் உள்ளே எந்த வழியாக இறங்கும்?

நான் சில வருஷம் பந்தயங்களில் மார்ஷலாகக் கொடி பிடித்து நின்றவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பந்தயத்தில் பணம் செலவாவது காரை ஓட வைக்க மட்டும் இல்லை. ஓடாதவர்களைப் பாதையிலிருந்து தள்ளி வைக்கவும்தான். அப்படியும் தவறுகிறது. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் தேசிய ராலி சாம்பியன்ஷிப் சுற்று. போக்குவரத்துக்கு மூடிய பாதை என்றார்கள். அதற்குள் ஒரு பைக் வந்துவிட்டது. ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள். ஓட்டியவர் நாட்டின் தலைசிறந்த ராலி வீரர். தேசியப் போட்டியிலேயே இந்தக் கதி என்றால், கரையில் செல்போனோடு நிற்கும் உன் இரண்டு நண்பர்களா மாடு மேய்க்க வரும் பெரியவரைத் தடுத்துவிடப் போகிறார்கள்?

ஏரி வேண்டாம் என்றதும் அடுத்து எங்கே போவான் என்பதும் எனக்குத் தெரியும். வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலை. அது ஏரியைவிடப் பெரிய ஆபத்து. பொது இடத்தில் அனுமதியில்லாமல் வேகப் போட்டி நடத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ம் பிரிவில் முதல் தடவைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு ஆகாத பையன் ஓட்டினால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும். பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. ரேஸ், வேகச் சோதனை இவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் பொருந்தாது என்று உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். எடுத்துப் படியுங்கள்.

இனி அந்த ரோல் கேஜ். பையன் பெருமையோடு தட்டிக் காட்டினான். இடுப்பில் கம்பெனி சீட் பெல்ட், தலைக்கு மேலே நாலு விரல்கடையில் வெறும் இரும்புக் குழாய், தலையில் ஒன்றுமில்லை. "இதுக்கு கேஜ் இல்லாமலே ஓட்டலாம்டா" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் உண்மை அதுதான். கேஜ் காப்பாற்ற வேண்டுமானால் உடம்பு சீட்டோடு இறுகியிருக்க வேண்டும், அதற்கு ஹார்னஸ். தலை குழாயில் மோதினால் தாங்க ஹெல்மெட். குழாய்க்கு மேலே அடர்த்தியான பேடிங். மூன்றும் இல்லாத கேஜ், மண்டைக்குப் பக்கத்தில் கட்டிவைத்த உலக்கை. பைக் ஹெல்மெட் போதுமே என்பான். போதாது. கார் பந்தய ஹெல்மெட்டை நெருப்பில் காட்டியும், கேஜ் குழாயில் மோதவிட்டும் சோதிக்கிறார்கள். பைக்கினுடையதற்கு அந்தச் சோதனைகள் இல்லை. வேடிக்கைக்காகப் பக்கத்தில் உட்காரும் நண்பனுக்கோ பைக் ஹெல்மெட்கூட இருக்காது. பழகும் காலத்தில் பக்கத்து சீட் காலியாக இருக்கட்டும், சொல்லிக்கொடுப்பவர் முழுப் பாதுகாப்போடு உட்கார்ந்தால் ஒழிய.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீடியோவில் பார்த்துப் பழகும் பிள்ளைகள் முதலில் கற்பது ஹேண்ட் பிரேக்கை இழுக்க. வண்டியை நிறுத்த அவர்களுக்கு யாரும் கற்றுத்தருவதில்லை. ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் பதறி பிரேக்கை முழுசாக அமுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் திரும்பாது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகக் குழிக்கே போகும். காலைக் கொஞ்சம் தளர்த்தினால் அதே வண்டி திரும்பும். இந்த ஒன்றைத் திறந்த மைதானத்தில், கூம்புகள் வைத்து, 30 கிலோமீட்டர் வேகத்தில் நூறு தடவை செய்ய வைத்தாலே போதும், பாதி விபத்து குறையும். பிறகு வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுவது. பிறகு கண். குழியைப் பார்த்தால் கை குழிக்கே கொண்டுபோகும். போகவேண்டிய இடத்தைப் பார்க்கப் பழக வேண்டும். கட்டை விரலை ஸ்டியரிங்குக்குள் கொக்கி போடக்கூடாது, கல்லில் சக்கரம் தட்டினால் ஸ்டியரிங் உதைத்து விரலை முறிக்கும். உருண்டால் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டாதே என்பதை ஓட்டும் முன்பே பத்துத் தடவை சொல்லி வைக்க வேண்டும். அந்த நொடியில் யோசிக்க நேரமிருக்காது.

சரி, எங்கேதான் போவது? சென்னைக்காரனுக்கு இந்தக் கேள்வியே கூச்சம் தர வேண்டும். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திய ஊர் இது. 1990-லிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதையே இருக்கிறது. செம்பாக்கத்திலிருந்து ஒரு காலை நேரப் பயணம். கோவையில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஆட்டோகிராஸ் என்று நோட்டீஸ் வந்தால், அகில இந்திய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ அனுமதி உண்டா, போட்டி லைசென்ஸ் கேட்கிறார்களா, ஓடுமுன் காரை ஸ்க்ரூட்டினி செய்கிறார்களா, டாக்டரும் ஆம்புலன்ஸும் பாதையோரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். எதுவும் கேட்காமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு "ஓட்டு தம்பி" என்பவனிடமிருந்து ஓடி வந்துவிடுங்கள்.

அங்கே போனால் ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 2023 ஜனவரி 8-ல் இருங்காட்டுக்கோட்டையில் கே.ஈ. குமார் கார் விபத்தில் இறந்தார். வயது 59. புதியவர் இல்லை, அந்தப் பாதையை உள்ளங்கை மாதிரி அறிந்த மூத்த வீரர். அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கேயே பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன். எல்லா ஏற்பாடும் இருந்த இடத்திலேயே உயிர் போகிறது. எந்த ஏற்பாடும் இல்லாத ஏரிக்குள் என் தெருப் பையன் போகப் பார்க்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சரைக்கு அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "ஏரி இல்ல. முதல்ல வண்டியக் காலி பண்ணு" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைத்தான். பின்னால் உருண்டுகொண்டிருந்த ஜாக்கி. கட்டாத ஸ்டெப்னி. அவன் அம்மாவின் குடை. தரை விரிப்பு. கடைசியாக, டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், பாதி நிரம்பியது.

அதை வாங்கி பிரேக் பெடலுக்குக் கீழே வைத்து, "இப்ப மிதி" என்றேன்.

மிதித்தான். பெடல் இறங்கவில்லை.