பொம்மை ரயிலும் அழிக்கப்பட்ட பெயர்களும்

திறந்த மூல மென்பொருளின் கோப்புகளில் பெரும்பாலும் முதல் சில வரிகள் நிரலாக இருப்பதில்லை. எழுதியவர் பெயர், ஆண்டு, பதிப்புரிமை யாருடையது, எந்த உரிமத்தின்கீழ் வெளியாகிறது என்பவை அங்கே இருக்கும். எழுதியவரும் உரிமையாளரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை என்பது சென்ற வாரம் பார்த்தது. அந்த வரிகளை ஒருவர் அழித்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்? அமெரிக்காவில் இதற்கு விடை தந்தது ஒரு பொம்மை ரயில் வழக்கு.

மாதிரி ரயில் ஓட்டுவது வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதைவிட நுட்பமான கலை. எஞ்சினுக்குள் டீகோடர் என்ற சிறு சில்லு இருக்கிறது. தண்டவாளத்தில் மின்சாரத்தோடு சேர்ந்தே வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து வேகம், விளக்கு, ஒலி எல்லாவற்றையும் அது மாற்றுகிறது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில்லின் அமைப்பு எண்கள் வேறுபடும். எந்த எண் எதைக் கட்டுப்படுத்துகிறது என்று ஒவ்வொரு சில்லுக்கும் யாராவது பொறுமையாக ஒரு கோப்பு எழுதியாக வேண்டும். ஜேஎம்ஆர்ஐ என்ற திட்டத்தின் தன்னார்வலர்கள் அதைத்தான் செய்தார்கள். கூலி கிடையாது, கோப்பில் பெயர் இருக்கும், அவ்வளவே. திட்டத்தை நடத்தியவர் பெர்க்லியின் இயற்பியலாளர் ராபர்ட் ஜேக்கப்சன்.

போட்டி மென்பொருள் விற்றவர் மேத்யூ கேட்ஸர். தம் பேட்டன்டை ஜேஎம்ஆர்ஐ மீறுகிறது என்று சொல்லி, இலவச மென்பொருள் தந்த ஜேக்கப்சனிடம் 2 லட்சம் டாலருக்கு மேல் கேட்டார். 2006இல் ஜேக்கப்சன் நீதிமன்றம் போனார். பிறகுதான் மற்றொன்று வழக்கில் சேர்ந்தது: ஜேஎம்ஆர்ஐ கோப்புகள் கேட்ஸரின் மென்பொருளுக்குள் இருந்தன. எழுதியவர்கள் பெயர் இல்லை, பதிப்புரிமை அறிவிப்பு இல்லை, எங்கிருந்து எடுக்கப்பட்டது, என்ன மாற்றப்பட்டது என்ற குறிப்பும் இல்லை. ஜேஎம்ஆர்ஐ பயன்படுத்திய ஆர்ட்டிஸ்டிக் உரிமம் இவற்றைக் கட்டாயமாக்கியிருந்தது.

கீழ்நீதிமன்றம் 2007இல் தடையாணை தர மறுத்தது. உரிமத்தை மீறியது ஒப்பந்த மீறலாகலாம், பதிப்புரிமை மீறல் ஆகாது என்பது அதன் பார்வை. இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஒப்பந்த மீறல் என்றால் நஷ்டத்தைப் பணமாகக் காட்ட வேண்டும். இலவசமாகக் கொடுத்ததற்கு என்ன நஷ்டக் கணக்கு காட்டுவது? பதிப்புரிமை மீறல் என்றால் விநியோகத்தையே நிறுத்தக் கோரலாம்.

மேல்முறையீடு, வழக்கில் பேட்டன்ட் கலந்திருந்ததால், பேட்டன்ட் மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்துக்குப் போனது. கிரியேட்டிவ் காமன்ஸ், லினக்ஸ் ஃபவுண்டேஷன், விக்கிமீடியா ஆகியவை ஜேக்கப்சனுக்கு ஆதரவாக மனு அளித்தன. ஒரு பொழுதுபோக்கு மென்பொருளின் வழக்கில் தங்கள் உரிமங்கள் அனைத்தின் உயிரும் தொங்குகிறது என்பதை அவை சரியாகவே உணர்ந்திருந்தன. 2008 ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பு வந்தது. பெயர் குறிப்பிடுவது உரிமத்தின் நிபந்தனை. நிபந்தனையை மீறியவருக்கு நகலெடுக்கும் அனுமதியே இல்லை. ஆகவே அது பதிப்புரிமை மீறலாகலாம் என்றது நீதிமன்றம். காசு வாங்காததால் படைப்பாளிக்குப் பொருளாதார நலன் இல்லையென்று ஆகாது, நற்பெயரும் பிறர் செய்து தரும் மேம்பாடுகளும் நலன்களே என்றும் ஏற்றுக்கொண்டது. தன்னார்வ நிரலர்களின் உழைப்புக்கு இதைவிடப் பெரிய சட்ட மரியாதை அதுவரை கிடைத்ததில்லை. 2010 பிப்ரவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஜேக்கப்சனுக்கு 1 லட்சம் டாலர் தர கேட்ஸர் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு சுற்றிவரக் காரணம் உண்டு. தன் படைப்பைத் தன்னுடையது என்று உரிமைகோரும் தார்மிக உரிமையை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஓவியம், சிற்பம் போன்ற காட்சிக் கலைகளோடு நிறுத்திக்கொள்கிறது. அங்கே நிரலர் பெரும்பாலும் உரிமத்தின் வாசகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமோ கணினி நிரலை இலக்கியப் படைப்பில் சேர்க்கிறது. அதன் 57ஆம் பிரிவு, பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் ஆசிரியர் என்ற உரிமையை எழுதியவரிடமே விட்டுவைக்கிறது.

கோப்பின் தலையில் பெயர் எழுதும் வழக்கம் இன்று குறைந்துவருகிறது. அந்த வேலையைக் கிட் போன்ற கருவிகளின் வரலாற்றுப் பதிவு ஏற்றுக்கொண்டுவிட்டது. எழுதியவர், சேர்த்தவர் என்று கிட் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு பெயர்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது. அந்த ஏற்பாடும், 2003இல் ஐபிஎம் மீது எஸ்சிஓ நிறுவனம் தொடுத்த வழக்கையடுத்து லினக்ஸில் வந்த கையொப்ப வரியும் அடுத்த வாரம்.