படத்தில் இல்லாத பாறை!

வட துருவப் பிரதேசத்தைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட பிரயாணிகள் 128 பேர். சிப்பந்திகள் 69 பேர். கப்பலின் பெயர் 'கிளிப்பர் அட்வென்ச்சரர்'. 2010-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி மாலை, கனடாவின் வட கோடியில் உள்ள கொரோனேஷன் வளைகுடாவில் அது முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று ஒரு குலுக்கல்! கப்பல் ஒரு பாறைத் திட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மாலுமிகளிடம் கடல் படம் இல்லாமல் இல்லை. அதைப் பார்த்துத்தான் கப்பலை ஓட்டினார்கள். ஆனால் அந்தப் படத்தில் அந்த இடத்தில் பாறையே கிடையாது!

பாறை என்ன, நேற்று முளைத்ததா? 2007-லேயே கனடாவின் கடலோரக் காவல் கப்பல் ஒன்று அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தது. "ஜாக்கிரதை" என்று கப்பல்களுக்கு அறிவிப்பும் வந்தது. இந்தக் கப்பலின் படத்தில் மட்டும் யாரும் அதைக் குறித்து வைக்கவில்லை. ஒரு பென்சில் கோடு போதும், இத்தனை பேர் தப்பியிருக்கலாம்!

துருவக் கடல் படங்கள் மற்ற படங்களைப் போன்றவை அல்ல. கோடையில் சில வாரங்கள்தான் அங்கே பனிக்கட்டி விலகிக் கடல் வழிவிடும். அதற்குள் அளக்க வேண்டும். பல இடங்களில் எப்போதோ ஒரு கப்பல் ஒரே ஒரு தடவை போய், தன் அடியில் இருந்த ஆழத்தை மட்டும் குறித்துக்கொண்டு வந்திருக்கிறது. படத்தில் அந்த எண்கள் எறும்பு வரிசை போல ஒரே கோடாகப் போகும். இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை. அங்கே ஆழமா, பாறையா, யார் கண்டது? 'கிளிப்பர் அட்வென்ச்சரர்' போனதும் அப்படி ஓர் எறும்பு வரிசையின் மேல்தான்.

கனடாவின் வட கடலில் நவீன முறையில் அளந்த பகுதி இன்றும் கொஞ்சமே. காந்த துருவத்தின் அருகே திசை காட்டும் ஊசியும் தடுமாறும். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படமோ, கிரீன்லாந்தை ஆப்பிரிக்கா அளவுக்குக் காட்டுகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் சுமார் 14 மடங்கு பெரிது!

பாறை மேல் உட்கார்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர அங்கே பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இரண்டு நாள் காத்திருந்தார்கள். 29-ந் தேதி 'அமுண்ட்சென்' என்ற பனி உடைக்கும் கப்பல் வந்து, பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு போய் குக்லுக்டுக் என்ற சிற்றூரில் இறக்கியது. ஓர் உயிருக்கும் சேதம் இல்லை. கப்பலைப் பாறையிலிருந்து மீட்க செப்டம்பர் 14 ஆயிற்று.

பிறகு வழக்கு. பாறையைப் பற்றி அரசாங்கம் சரியாகத் தெரிவிக்கவில்லை என்றார் கப்பல் சொந்தக்காரர். "அறிவிப்பு இருந்ததே! அதைக் கேட்டு வாங்கிப் படத்தில் குறிப்பது கப்பலின் பொறுப்பு" என்ற முடிவுக்கு வந்து, 2017-ல் கோர்ட்டு வழக்கைத் தள்ளியது. 2018-ல் அப்பீலும் தோற்றது. எண்ணெய் கசிந்து கடல் கெடாமல் காக்க அரசாங்கம் செய்த செலவும் கப்பல்காரர் தலையிலேயே விழுந்தது.