கூட்டு வட்டியில் 21 கிலோமீட்டர்!

“அண்ணே, எஸ்.ஐ. செலக்‌ஷனா?”

தேனியில் காலை ஐந்தரை மணிக்கு ரோட்டில் ஓடுகிற எவனும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. எங்கள் பக்கம் ஓட்டம் என்றால் ஒன்று போலீஸ் வேலை, இல்லாவிட்டால் ராணுவம். காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்காகப் பையன்கள் இருட்டோடு எழுந்து, ஒட்ட வெட்டிய தலையும் பனியனுமாகப் பறப்பார்கள். அவர்கள் நடுவே முப்பத்தைந்தைத் தாண்டிய ஒருத்தன், சின்னதாக ஒரு தொப்பையோடு தஸ்ஸு புஸ்ஸென்று வந்தால் கேட்கத்தானே செய்வார்கள்!

“இல்ல தம்பி, சும்மாதான் ஓடுறேன்.”

பையன் ஓடிக்கொண்டே என் நெற்றியைப் பார்த்தான். (நெற்றி இப்போதெல்லாம் உச்சந்தலை வரை இருக்கிறது.) “ஏஜ் பாராண்ணே?” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டுவிட்டுப் போயேவிட்டான்.

சும்மா ஓடவில்லை என்பதுதான் உண்மை. அப்பாவுக்கு 51 வயதில் சர்க்கரையால் வலது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். எனக்குப் போன வருஷம் ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் ‘வாசல்படியில் நிற்கிறீர்கள்’ என்று அர்த்தமாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளிவந்தது. அதன்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை. தலைகளை எண்ணினால் பத்துக் கோடி! அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு சீட்டுப் பிடிக்க வேண்டாமே என்று டாக்டரிடம் போனேன். இதயத்தைச் சோதித்துவிட்டு, “தினம் நடங்க, முடிஞ்சா மெதுவா ஓடுங்க” என்றார். ‘மெதுவா’ என்ற வார்த்தை என் காதில் விழவேயில்லை.

சென்னையில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன், “ஜனவரியில இங்க மாரத்தான் இருக்கு. பாதி தூரத்துக்குப் பேர் கொடுடா” என்றான். கொடுத்துவிட்டேன். 21.0975 கிலோமீட்டர். அதென்ன கிராம் கணக்கில் நிறுத்த மாதிரி? 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் வின்ட்ஸர் கோட்டையில் ஆரம்பித்து, ஸ்டேடியத்தில் அரச குடும்பம் உட்காரும் இடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி வைத்தார்கள். அந்தத் தூரம் 42.195 கிலோமீட்டர். 1921-ல் அதுவே நிரந்தரமாகிவிட்டது. அதில் நேர் பாதிதான் நமக்கு. மகாராணி சௌகரியமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக நூறு வருஷம் கழித்துத் தேனிக்காரன் முழங்காலைத் தேய்க்கிறான்!

ஜூனில் ஆரம்பித்தேன். தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியாக இறங்குகிற சீசன். காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன இந்தப் பக்கம்? தேனியிலிருந்து கம்பம் ரோட்டில் தெற்கே ஓடினால் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். போதாததற்கு மேடு வேறு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பக்கமிருந்துதான் தேனிக்கு ஓடி வருகிறது. 1895-ல் பென்னிகுக் கட்டிய அணையிலிருந்து மலையைக் குடைந்து திருப்பி விட்ட தண்ணீர், பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல்லை நனைத்துவிட்டு வருகிறது. தண்ணீர் வருகிற திசையில் நாம் போனால் அது மேடுதானே? இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வாரம் ஆயிற்று. (நான் பி.காம்.)

ஜூலை நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் 8 கிலோமீட்டரைத் தொட்டது. நண்பனுக்குப் போன் போட்டேன். “எட்டு ஓடறவன் பதினாலு ஓடுவான்டா, எல்லாம் மனசுலதான் இருக்கு” என்றான். அடுத்த ஞாயிறே கிளம்பிவிட்டேன். பழனிசெட்டிபட்டி தாண்டி, வீரபாண்டிக்குச் சற்று முன்னால் வரை போய், திரும்பி. போகும்போது எதிர்காற்றும் மேடும் உயிரை வாங்கின. திரும்பும்போது காற்று முதுகில், ரோடும் இறக்கம். அடடா, இறக்கை முளைத்துவிட்டது என்று வேகத்தைக் கூட்டினேன். 14 கிலோமீட்டர்! வீட்டில் ஏழு இட்லி சாப்பிட்டுவிட்டு வெற்றி வீரனாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன். செவ்வாய்க்கிழமை இடது முன்னங்காலில், எலும்பை ஒட்டி ஒரு வலி. விரலால் அழுத்தினால் சுளீரென்றது. புதன்கிழமை எலும்பு டாக்டர். படம் எடுத்துப் பார்த்து, “உடையலை. ஆனா இன்னும் ரெண்டு வாரம் இப்படி ஓடியிருந்தா விரிசல் விட்டிருக்கும்” என்றார். மூன்று வாரம் ஓட்டம் கிடையாது. பிறகு அவர் சொன்னதை எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன்: “தம்பி, இதயமும் நுரையீரலும் சில வாரத்துல பழகிரும். எலும்பும் தசைநாரும் பழக மாசக்கணக்கு ஆகும். இதயம் பஸ்ல வந்துரும், எலும்பு நடந்துதான் வரும். ரெண்டும் சேர்ற வரைக்கும் பொறுக்கணும்.”

மூன்று வாரம் சும்மா உட்கார்ந்தவன் படித்தேன். ஓட்டக்காரர்களுக்கு ஒரு பழைய வேதவாக்கு உண்டு: வாரத்தின் மொத்தத் தூரத்தைப் பத்து சதவிகிதத்துக்கு மேல் கூட்டாதே. 2008-ல் நெதர்லாந்தில் க்ரோனிங்கன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். புதிதாக ஓட வந்த 532 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பத்து சதவிகிதக் கணக்கு, மறு பாதிக்கு அதைவிட வேகமான கணக்கு. முடிவு? அடிபட்டவர்கள் அங்கே 20.8 சதவிகிதம், இங்கே 20.3. போச்சா!

சரி, இஷ்டத்துக்கு ஓடலாம் என்று குதிக்காதீர்கள். 2025-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்து ஆட்கள், கையில் கட்டுகிற ஓட்டக் கடிகாரம் வைத்திருந்த 5,205 பேரின் ஓட்டங்களை அலசினார்கள். வார மொத்தம் ஏறியதற்கும் அடிபட்டதற்கும் அவர்களுக்கும் சம்பந்தம் தெரியவில்லை. ஆனால் ஒரே ஒரு ஓட்டம், கடந்த முப்பது நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிடப் பத்து சதவிகிதத்துக்கு மேல் தாண்டினால் ஆபத்து ஏறியது. இரண்டு மடங்குக்கு மேல் தாண்டியவர்களுக்கு ஆபத்தும் இரண்டு மடங்குக்கு மேல். அதாவது வில்லன் வாரம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை! நான் 8-லிருந்து 14-க்குத் தாவினேன். 75 சதவிகிதம். கந்துவட்டிக்காரன்கூட அப்படிக் கேட்க மாட்டான்.

இங்கேதான் என் பி.காம். முதல்முறையாக வாழ்க்கையில் உபயோகப்பட்டது. பத்து சதவிகிதம் என்பது கூட்டு வட்டி. 6 கிலோமீட்டரை முதலாகப் போடுங்கள். அடுத்த ஞாயிறு 6.6, பிறகு 7.3, 8, 8.8, 9.7... ஏழாவது முறை ஏறும்போது முதல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். (72-ஐ வட்டியால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் என்று படித்தது ஞாபகம் இருக்கிறதா?) பதினோராவது ஏற்றத்தில் 17 கிலோமீட்டர். நடுவில் நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து ஓடி, கால் மூச்சு விட்டுக்கொள்ள மூன்று வாரம். ஆக 14. கடைசி இரண்டு வாரம் ஓட்டத்தைச் சுருக்கி உடம்பைத் தேற்ற வேண்டும். மொத்தம் 16 வாரம். காலண்டரை எடுத்தேன். செப்டம்பர் நடுவில் ஆரம்பித்தால் ஜனவரி முதல் வாரம். கச்சிதம்!

“அப்ப 21 ஓடிப் பார்க்கவே வேணாமா?” என்று மனைவி கேட்டாள். வேண்டாம். 17 ஓடியவனை மிச்ச நாலு கிலோமீட்டருக்குக் கூட்டமும் கைதட்டலும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது பாடம் வேகம். இதற்கு ஒரு குரு உண்டு. நியூஸிலாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட். தன் உடம்பிலேயே பரிசோதனை செய்து, தன் பையன்கள் எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓட வைத்தார். வெறும் 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லையும் சேர்த்து. ஊரே சிரித்தது. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம். அதே நாள் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம். இருவரும் அவர் சிஷ்யர்கள். சிரித்தவர்கள் அப்புறம் அவரிடம் பாடம் கேட்க வரிசையில் நின்றார்கள். அவர் பையன்கள் திணறாமல் ஓடினார்கள் என்பதுதான் விஷயம்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட சோதனை: ஓடும்போது ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடியவில்லையா, வேகம் ஜாஸ்தி. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். போலீஸ் பையன்கள் என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டினார்கள். ஒருநாள் ஒரு பாட்டி தலையில் புல்லுக்கட்டோடு கொஞ்ச தூரம் எனக்குச் சரிசமமாக வந்தார். “ஏய்யா, கால்ல ஏதும் அடியா?” என்று விசாரித்தார். மானம் போனாலும் முழங்கால் மிஞ்சியது.

மெதுவாக ஓடுவதில் ஒரு கணக்கும் உண்டு. ஒரு கிலோமீட்டர் ஓட, உடம்பு எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவு. நான் 72 கிலோ. 21 கிலோமீட்டருக்கு 1,500 கலோரி. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கிற மாவுச் சத்து சுமார் 2,000 கலோரி. போதும்போல்தான் தெரிகிறது. ஆனால் வேகமாக ஓடினால் அந்தக் கஜானா சீக்கிரம் கரையும். மெதுவாக ஓடினால் கொழுப்பும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்துக்கு வழியில் ஏதாவது வாயில் போட வேண்டும். இதற்கென்று விற்கிற பாக்கெட் பசையை ஒருமுறை வாங்கினேன். இருமல் மருந்தும் ஜாமும் கலந்த மாதிரி இருந்தது. நம் பள்ளத்தாக்கில் வாழைப்பழத்துக்கா பஞ்சம்? வருஷம் முழுக்கப் பறிக்கிற பன்னீர் திராட்சை இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடே வாங்கியது. ஒரு வாழைப்பழம், ஒரு கடலை மிட்டாய். முடிந்தது.

தண்ணீர் மட்டும் ஜாக்கிரதை. நிறையக் குடித்தால் நல்லது என்று ஒரு குடம் குடிக்கக் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 13 சதவிகிதம் பேருக்கு உப்பு குறைந்திருந்தது. முக்கியக் காரணம், அளவுக்கு மீறிக் குடித்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும். முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர்.

ஷூ? 4,500 ரூபாய். 600 கிலோமீட்டர் தாங்கும் என்று வைத்துத் தேய்மானம் போட்டேன். கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய். தேனியிலிருந்து சின்னமனூருக்கு பஸ்ஸில் போவதைவிட ஓடிப் போவதற்குச் செலவு அதிகம்! மனைவியிடம் இந்தக் கணக்கைக் காட்டவில்லை.

கார்த்திகை பிறந்ததும் வேறு ஒரு தொல்லை. சபரிமலை சீசன். குமுளி போகும் வேன்களும் பஸ்களும் விடிய விடிய இதே ரோட்டில்தான். டிரைவர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் ஓட்டுகிறாரோ, யார் கண்டது? ஒருநாள் ஒரு வேன் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, என் முழங்கையை உரசாத குறையாகப் போனது. அன்றிலிருந்து வண்டிகளுக்கு எதிர்ப்பக்கமாக, வெள்ளைச் சட்டையில், இருட்டில் மின்னும் பட்டை கட்டிக்கொண்டுதான். விடிந்தபிறகுதான் மெயின் ரோடு. அதற்கு முன் ஊருக்குள்ளேயே சுற்று. கூட்டு வட்டியெல்லாம் உயிரோடு இருப்பவனுக்குத்தானே!

டிசம்பர் மூன்றாவது ஞாயிறு. 17 கிலோமீட்டர். இந்த முறை திரும்பவில்லை, ஒரே போக்கு. வீரபாண்டி கோயிலைத் தாண்டும்போது உடம்பு சிரித்தது. பதினான்கில் பழைய முன்னங்கால் ஞாபகம் வந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நின்று அழுத்தியதற்கு அப்புறம் கால் கிளம்ப மறுத்தது, அது வேறு. வலது பக்கம் மலை நீலமாகக் கூடவே வந்தது. அப்பாவின் கால் ஏனோ நினைவுக்கு வந்தது. மாட்டிய செருப்பு கழன்று கழன்று விழும் அவருக்கு.

சீலையம்பட்டி பக்கத்தில் கடிகாரம் 17 காட்டியது. டீக்கடை பெஞ்சில் விழுந்தேன்.

“எங்கேர்ந்து தம்பி ஓடியாறீக?”

“தேனி.”

“ஆத்தாடி! திரும்ப எப்படிப் போவீக?”

“பஸ்லதான்.”

கடைக்காரர் டீயை ஆற்றியபடி கொஞ்ச நேரம் யோசித்தார். “பஸ் இருக்குன்னு தெரியும்ல? அப்ப வர்றப்பவும் அதுலயே வந்திருக்கலாமே!”

ஜனவரியில் சென்னையில் ஓடினேன். கடற்கரை ஊரின் புழுக்கம், காற்றாடப் பழகிய தேனி உடம்பைப் பிழிந்துவிட்டது. பதினெட்டாவது கிலோமீட்டரில் நடந்தேன், மறுபடி ஓடினேன், மறுபடி நடந்தேன். 2 மணி 46 நிமிடம். சென்னை மேயராக இருந்து, 2021-ல் அமைச்சரான மா.சுப்பிரமணியன், சர்க்கரையும் விபத்தில் அடிபட்ட காலும் வைத்துக்கொண்டு இந்தத் தூரத்தை நூறு தடவைக்கு மேல் ஓடியவர். எனக்கு ஒன்றிலேயே நாக்கு வெளியே வந்துவிட்டது. பிப்ரவரியில் ரத்தம் கொடுத்தேன்: 5.8. வாசல்படியிலிருந்து இறங்கவில்லை, ஒரு காலைத் தெருவில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அதே பையனைப் பார்த்தேன். பதக்கத்தைப் பற்றிச் சொன்னேன்.

“பதக்கமா? சூப்பர்ணே! எத்தனாவதா வந்தீங்க?”

“ஆயிரத்துச் சொச்சம்.”

பையன் முகம் வாடிவிட்டது. “அப்ப வேலை கிடைக்காதுண்ணே” என்றான்.