சிச்சுவான் சமையல்

சிச்சுவான் சமையல் என்பது சீனாவின் தென்மேற்கில் உள்ள சிச்சுவான் மாகாணத்திலும், அதனை அடுத்துள்ள சோங்கிங் மாநகரப் பகுதியிலும் வழங்கும் சமையல் மரபாகும். சீனாவின் எட்டுப் பெரும் சமையல் மரபுகளுள் இதுவும் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. மிளகாயின் காரமும் சிச்சுவான் மிளகு தரும் நா மரப்பும் இணைந்த சுவை இதன் அடையாளம் ஆகும். இதனால் உலகெங்கும் இது காரமான சமையல் என்றே அறியப்படுகிறது. எனினும், மிளகாய் இச்சமையலுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த பொருள். காரம் அதன் பல சுவைகளுள் ஒன்று மட்டுமே. சிச்சுவானின் தலைநகரான செங்டூ, 2010 ஆம் ஆண்டில் யுனெசுக்கோ நிறுவனத்தால் உணவுக்கலை நகரமாக அறிவிக்கப்பட்டது. ஆசியாவில் இத்தகுதியைப் பெற்ற முதல் நகரம் இதுவாகும். உணவை நாடிப் பயணம் செய்வோர் பலர் இங்கு வருகின்றனர்.

நிலமும் வரலாறும்

சிச்சுவானின் கிழக்குப் பகுதி, மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற தாழ்நிலமாகும். கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட துசியாங்யென் நீர்ப்பாசனத் திட்டம் செங்டூச் சமவெளியை வளமான வேளாண் நிலமாக்கியது. இங்கு ஆண்டின் பெரும்பகுதி மேகமூட்டமும் ஈரப்பதமும் நிலவும். உடலில் சேரும் ஈரத்தைக் காரமான உணவு வெளியேற்றும் என்பது சீன மரபு மருத்துவத்தின் கருத்து. இப்பகுதி மக்கள் காரத்தை விரும்புவதற்கு இதனையே காரணமாகக் கூறுவர்.

கி.பி. 4 ஆம் நூற்றாண்டில் சாங் சூ என்பவர் எழுதிய வரலாற்று நூல், இப்பகுதி மக்கள் சுவையைப் போற்றுபவர்கள் என்றும், உறைப்பும் மணமும் உள்ள உணவை விரும்புபவர்கள் என்றும் குறிப்பிடுகிறது. அக்காலத்தில் இங்கு மிளகாய் இல்லை. சிச்சுவான் மிளகு, இஞ்சி போன்றவையே உறைப்புக்குப் பயன்பட்டன. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட மிளகாய், 16 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சீன நூல்களில் இடம்பெறுகிறது. அப்போதும் அது அழகுச் செடியாகவே கருதப்பட்டது. சிச்சுவானில் அது உணவாகப் பரவியது அதற்கும் பின்னரே. 17 ஆம் நூற்றாண்டுப் போர்களால் மக்கள்தொகை பெரிதும் குறைந்த இம்மாகாணத்தில், சிங் அரசமரபுக் காலத்தில் பிற மாகாணத்தவர் பெருமளவில் குடியேறினர். இன்றைய சிச்சுவான் சமையல் இக்கலப்பின் விளைவாகும்.

சிச்சுவான் மக்கள் மிளகாயை "கடல் மிளகு" எனப் பொருள்படும் ஐசியாவ் என்ற பெயரால் அழைக்கின்றனர். கடல் கடந்து வந்த பொருள் என்பதை இப்பெயரே உணர்த்துகிறது. தமிழிலும் "மிளகாய்" என்ற சொல், முன்பே அறிந்திருந்த மிளகின் பெயரைக் கொண்டு அமைந்திருப்பது ஒப்பு நோக்கத்தக்கது.

மரப்பும் காரமும்

இச்சமையலின் புகழ்பெற்ற சுவை "மா-லா" எனப்படும். "மா" என்பது மரப்பு. "லா" என்பது காரம். மரப்பைத் தருவது சிச்சுவான் மிளகு. பெயரில் மிளகு என்று இருந்தாலும் இது கறுப்பு மிளகுக்கோ மிளகாய்க்கோ உறவுடையதன்று. எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவை அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த, முட்கள் கொண்ட ஒரு சிறு மரத்தின் கனியாகும். உலர்ந்த கனியின் மேல்தோலே பயன்படுகிறது. உள்ளே இருக்கும் கருநிற விதை சுவையற்றது. மணல்போல் பற்களில் நெருடுவதால் அது நீக்கப்படுகிறது. இம்மாகாணத்தின் ஆன்யுவான் பகுதியில் விளையும் மிளகு உயர்ந்ததாகக் கருதப்படுகிறது. இந்தியாவின் கொங்கணப் பகுதியில் மீன் குழம்பில் சேர்க்கப்படும் திர்பல் இதே இனத்தைச் சேர்ந்தது.

இம்மிளகில் உள்ள சான்சூல் என்ற வேதிப்பொருள், தொடுதலை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, உதட்டில் இது ஏற்படுத்தும் உணர்வு நொடிக்கு ஏறக்குறைய 50 அதிர்வுகளுக்கு ஒப்பானது. எனவே இது நாவின் சுவை என்பதைவிடத் தொடு உணர்வு என்பதே பொருந்தும். சித்த மருந்துகளில் சேரும் அக்கரகாரத்தை மென்றறிந்தோர் இதனை ஓரளவு உய்த்துணரலாம்.

மிளகாயின் கப்சைசின், வெப்பத்தை உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்த தாவீது சூலியசு 2021 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கப்சைசின் நீரில் எளிதில் கரையாதது. ஆகவே தண்ணீர் குடிப்பதால் எரிச்சல் தணிவதில்லை. பால், தயிர் ஆகியவை ஓரளவு தணிக்கும்.

அடிப்படைப் பொருட்கள்

மிளகாய் அவரைக் கூழ் (தோபான்சியாங்): இச்சமையலின் உயிர்நாடி எனப்படுவது. பெரிய அவரை வகையுடன் மிளகாய், உப்பு, கோதுமை மாவு ஆகியவற்றைச் சேர்த்து மண் சாடிகளில் புளிக்கவைப்பர். பகலில் வெயிலிலும் இரவில் பனியிலும் திறந்து வைத்து, மழை வந்தால் மூடி, நாள்தோறும் கிளறுவர். நன்கு முதிர ஓராண்டுக்கு மேல் ஆகும். செங்டூவை அடுத்த பீசியென் இதற்குப் பெயர்பெற்றது.

உப்பு: சிகோங் நகரில் ஆழ்கிணறுகளிலிருந்து உவர்நீர் இறைத்துக் காய்ச்சப்படுவது. இங்கு 1835 ஆம் ஆண்டில் தோண்டி முடிக்கப்பட்ட கிணறு 1,001 மீட்டர் ஆழமுடையது.

ஊறுகாய்: மிளகாய், முள்ளங்கி, இஞ்சி முதலியவற்றை உப்பு நீரில் ஊறவைத்துச் செய்யப்படுவது.

சுவை வகைகள்

சிச்சுவான் சமையற்கலைஞர்கள் ஏறக்குறைய 24 கூட்டுச் சுவைகளை வரையறுத்துள்ளனர். இவற்றுள் மா-லா ஒன்று மட்டுமே. புளிப்பும் காரமும் கொண்டது, பூண்டுச் சுவை, இஞ்சிச் சாறு, இனிப்பும் புளிப்பும் கொண்டது எனப் பல உள்ளன. மிளகாய் சேராதவையும் இவற்றில் அடங்கும். "மீன் மணச் சுவை" என்பதில் மீன் இல்லை. மீன் சமைக்கப் பயன்படும் ஊறிய மிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் ஆகியவற்றால் இப்பெயர் பெற்றது.

சில உணவுகள்

* மாபோ தோஃபு: சோயாப் பாலாடைக்கட்டியை இறைச்சித் துருவலுடன் சமைப்பது. 1862 ஆம் ஆண்டளவில் செங்டூவில் உணவுக்கடை நடத்திய, முகத்தில் அம்மைத் தழும்புடைய ஒரு பெண்மணியால் இப்பெயர் ஏற்பட்டதாகக் கூறப்படுகிறது.
* குங்பாவ் கோழி: நிலக்கடலை சேர்த்து வதக்கப்படுவது. சிச்சுவானின் ஆளுநராக இருந்த திங் பாவ்சென் என்பவரின் பட்டப்பெயரால் வழங்குகிறது.
* தான்தான் நூடுல்சு: தோளில் காவடிபோல் தடி சுமந்து விற்றவர்களால் பெயர் பெற்றது.
* நீரில் வேகவைத்த மீன்: பெயருக்கு மாறாக, மிளகாயும் கொதிக்கும் எண்ணெயும் மிதக்கும் கடுங்கார உணவு.
* கொதிநீர் முட்டைக்கோசு: காரமற்றது. வெந்நீர்போல் தெளிந்து தோன்றும் சாறு, கோழி முதலிய இறைச்சிகளை நெடுநேரம் காய்ச்சி வடித்தெடுக்கப்பட்டதாகும்.
* சோங்கிங் கொதிகலம்: மாட்டுக் கொழுப்பில் மிளகாயும் சிச்சுவான் மிளகும் கொதிக்க, உண்போரே துண்டுகளை இட்டு வேகவைத்து உண்பது. ஆற்றுத்துறைத் தொழிலாளரின் மலிவான உணவாகத் தோன்றியது.

உணவுப் பயணம்

வெளிநாட்டினர் பலர் சோங்கிங் கொதிகலத்தையே முதலில் நாடுகின்றனர். பழக்கமற்ற நா முதல் வேளையிலேயே மரத்துவிட்டால் ஏனைய சுவைகளை அறிய இயலாது. இஞ்சிச் சாறு, மீன் மணச் சுவை ஆகியவற்றில் தொடங்கி மாபோ தோஃபு வழியாகக் கொதிகலத்தை அடைவது பயன்தரும். கொதிகலத்திலும் பாதி காரம், பாதி காரமற்ற சாறு எனப் பிரிக்கப்பட்ட கலங்கள் கிடைக்கின்றன. வெந்த துண்டுகளை நல்லெண்ணெயும் பூண்டும் கலந்த கிண்ணத்தில் தோய்த்து உண்பதால் காரம் சற்றுத் தணியும். தட்டில் குவிந்திருக்கும் வற்றல் மிளகாய் பெரும்பாலும் மணத்துக்கானது. அதனை உள்ளூர் மக்கள் ஒதுக்கிவிடுவர். குறைந்த காரம் வேண்டுவோர் "வெய் லா" என்று கேட்கலாம்.

மரக்கறி உண்போர் கவனமாக இருத்தல் வேண்டும். காய்கறி உணவிலும் பன்றிக்கொழுப்போ இறைச்சித் துருவலோ சேர்வதுண்டு. செங்டூவிலுள்ள வென்சு பௌத்த மடத்தில் மரக்கறி உணவகம் உள்ளது. பீசியென் பகுதியில் சிச்சுவான் சமையல் அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

இவ்வாறு வந்தவர்களுள் பிரித்தானிய எழுத்தாளர் ஃபியூசியா தன்லப் குறிப்பிடத்தக்கவர். 1994 ஆம் ஆண்டில் சிச்சுவான் பல்கலைக்கழகத்தில் பயில வந்த இவர், பின்னர் செங்டூவில் சமையற்கலைக் கல்லூரியில் பயிற்சி பெற்றார். 2001 ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட நூல், இச்சமையலை ஆங்கிலம் அறிந்தோரிடையே பரப்பியது.

பிற நாடுகளில்

எலுமிச்சை இனப் பயிர்களைத் தாக்கும் நோய் பரவக்கூடும் என்ற அச்சத்தால், ஐக்கிய அமெரிக்கா 1968 முதல் 2005 வரை சிச்சுவான் மிளகின் இறக்குமதியைத் தடை செய்திருந்தது. இந்தியாவில் "செஷ்வான்" என்ற பெயரில் பரவலாக விற்கப்படும் சாறு, வற்றல் மிளகாய், பூண்டு, இஞ்சி ஆகியவற்றால் ஆனது. சிச்சுவான் மிளகு இதில் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. எனவே தமிழகத்து உணவகங்களின் செஷ்வான் சோற்றில் "லா" உண்டு, "மா" இல்லை. அதனை இந்தியச் சீன சமையலின் தனி ஆக்கமாகக் கொள்வதே பொருத்தமாகும்.