போனில் பழகும் ஆங்கிலம்

திருப்பூரில் ஆடை ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசரின் வேலையில் சுலபமான பாதி மின்னஞ்சலிலேயே முடிந்துவிடும். வில்லங்கமான பாதிக்குத்தான் போன். சாயத்தில் ஷேடு மாறிவிட்டது, ஷிப்மென்ட் ஒரு வாரம் தள்ளும் என்று ஐரோப்பாவில் இருக்கும் பையரிடம் ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். துணியை எடுத்துக் காட்ட முடியாது. சொல் வராத இடத்தில் சிரித்துச் சமாளிக்கவும் முடியாது. பேசிப் பழகுவதற்குத் தொலைபேசியைவிட நல்ல களம் இல்லை என்று சொல்ல இந்த நெருக்கடியே போதும். பக்கத்துக் கோவைக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகள் பள்ளியிலேயே பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்தவர்கள். சொல்லும் இலக்கணமும் ஓரளவு கைவசம் உண்டு. அவை கேட்ட நேரத்தில் நாவுக்கு வருவதில்லை என்பதுதான் குறை.

கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த, ஆங்கிலம் பேசும் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985-இல் சுட்டிக்காட்டியதும் ஏறக்குறைய இதுதான். பல ஆண்டு கேட்டும் படித்தும் நன்றாகப் புரிந்துகொண்ட அவர்கள், பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கினார்கள். புரிந்துகொள்வது மட்டும் போதாது, புரியவைக்கும் கட்டாயமும் வேண்டும் என்றார் அவர். வகுப்பில் அந்தக் கட்டாயம் யாருக்கு இருக்கிறது? அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவருக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம்.

போனில் ஒலியே தெளிவாக இருக்காதே என்பது நியாயமான ஆட்சேபம். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது; 'எஃப்', 'எஸ்' போன்ற ஒலிகளின் கூர்மை அதில் தங்கவில்லை. இன்றைய இணைப்புகள் மேம்பட்டவை என்றாலும், தறிச் சத்தத்துக்கு நடுவே 'ஃபிஃப்டீன்' எது 'ஃபிஃப்டி' எது என்று இன்னமும் தடுமாறத்தான் செய்கிறோம். பதினைந்தாயிரம் பீஸா, ஐம்பதாயிரம் பீஸா என்று திருப்பிக் கேட்டே ஆக வேண்டும். அந்தத் திருப்பிக் கேட்கும் துணிச்சலை எந்தப் பாடநூலும் தருவதில்லை. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவரிடம் போனைக் கொடுப்பது வீண், அச்சம்தான் மிஞ்சும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: போனில் பழகியவர்கள் நாலைந்து தயார் வாக்கியங்களோடு நின்றுவிடுகிறார்கள். உண்மைதான். அழைப்பு மையங்களில் எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பவருக்கு அதைத் தாண்டி வளர வழி குறைவு. அதனால் பயிற்சிக்கு வெறும் நலம் விசாரிப்பு உதவாது, சிக்கல் வேண்டும். ஒரு மாணவர் பழுதான மோட்டார் பம்பைப் போனில் விவரிக்கட்டும். மறுமுனையில் இருப்பவர் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அதே விஷயத்தை அடுத்தடுத்த நபர்களுக்கு நான்கு, மூன்று, இரண்டு நிமிடங்களில் சுருக்கிச் சொல்லவைக்கும் முறை ஆங்கில ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. போனுக்கும் அது பொருந்தும். மதிப்பெண்ணை உச்சரிப்புக்குப் போடாமல், மறுமுனைக் குறிப்பு எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதற்குப் போடலாம். பிழையான ஆங்கிலத்திலும் பம்பு சரியாகிவிட்டால் முழு மதிப்பெண்.