மே 1 லீவு எதுக்குன்னு வீட்டில் யாருக்காவது தெரியுமா? 8 மணி நேர வேலையின் கதை

மே 1 என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அஜித் பிறந்த நாள். அடுத்து, டிவியில் ஓடும் 'உழைப்பாளர் தினச் சிறப்புத் திரைப்படம்'. வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ ஒரு குட்டி டிரிப். 'இன்னிக்கு எதுக்கு லீவு?' என்று யாராவது கேட்டால், 'லேபர் டே' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

குடியரசு தினமும் சுதந்திர தினமும் அப்படியில்லை. பள்ளியில் கொடியேற்றம், மிட்டாய், பேச்சுப் போட்டி என்று ஏதோ ஒன்று மனதில் தங்கிவிடுகிறது. மே 1 வருவதோ கோடை விடுமுறையில். மேடையும் இல்லை, மிட்டாயும் இல்லை. வீட்டில் யாரும் சொல்லவில்லை என்றால், அந்த நாளின் கதை ஒரு குழந்தையின் காதில் விழ வழியே இல்லை.

கேட்டது ஒன்றுதான்

1886 மே 1. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று கேட்டு அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 10 மணி நேரத்துக்கும் மேல் உழைப்பது அன்று சாதாரணம். போராட்டத்தின் மையம் சிகாகோ. மே 3 அன்று அங்கே போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். மறுநாள் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த கண்டனக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. வீசியது யார் என்பது கடைசி வரை தெரியவில்லை. ஆனாலும் 8 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 4 பேர் 1887 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார்கள். மிச்சமிருந்தவர்களை 1893-ல் விடுவித்த மாநில ஆளுநர், விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்றார்.

1889-ல் பாரிஸில் கூடிய சர்வதேச சோஷலிச மாநாடு மே 1-ஐத் தேர்ந்தெடுத்தது. 1890 முதல் பல நாடுகளில் மே தினம் கடைப்பிடிக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், சம்பவம் நடந்த அமெரிக்காவில் மே 1 வேலை நாள். அங்கே தொழிலாளர் தினம் செப்டம்பர் முதல் திங்கள்கிழமை. அதனால்தான் இங்கே லீவில் இருக்கும் ஐ.டி. ஊழியருக்கு அன்றும் கிளையன்ட்டிடமிருந்து மெயில் வந்துகொண்டே இருக்கும்.

இந்தியாவில் முதலில் சென்னை

1918-ல் பெரம்பூர் பக்கிங்ஹாம் – கர்நாட்டிக் மில் தொழிலாளர்களை மையமாக வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா, திரு.வி.க. எல்லாம் அதில் இருந்தார்கள். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள்.

அதே ஊரில் 1923 மே 1 அன்று வழக்கறிஞர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார். ஒன்று உயர் நீதிமன்றம் எதிரே உள்ள கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணி கடற்கரையில். மே தினத்துக்கு அரசு விடுமுறை விட வேண்டும் என்ற கோரிக்கையும் அன்று எழுந்தது. இன்று நாம் எடுக்கும் லீவு, அன்று வெள்ளைக்கார அரசிடம் கேட்கப்பட்டது.

மெரினாவில் பாறையைத் தள்ளும் நான்கு பேரின் சிலையைப் பார்க்காத சென்னைக்காரர் இருக்க முடியாது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அந்த உழைப்பாளர் சிலை 1959-ல் வைக்கப்பட்டது. இன்று பலருக்கு அது ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர், அவ்வளவுதான்.

8 மணி நேரம் ஒரே நாளில் வரவில்லை

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. 1922-ல் சட்டம் வைத்த வரம்பு வாரத்துக்கு 60 மணி நேரம். 1934-ல் அது 54 ஆனது. அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் தயாரான திருத்தம் 1946-ல் நிறைவேறி, 48 ஆனது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமும் அதையே வைத்துக்கொண்டது. வாரம் 6 நாள் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். சிகாகோவில் கேட்ட அதே கணக்கு.

கிடைத்ததுதான், இனி போகாது என்று இருந்துவிட முடியுமா? 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்த நாள், மே 1.

லீவு யாருக்கு?

தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கு என்றே 1958-ல் ஒரு சட்டம் வந்தது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 வரிசையில் மே 1-ம் அதில் இருக்கிறது. தொழிற்சாலை, கடை, ஓட்டல் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் லீவு தர வேண்டும். இதைச் சரிபார்க்க மே 1 அன்று தொழிலாளர் துறை அதிகாரிகள் கடை கடையாக ஆய்வுக்குப் போவார்கள்.

ஆனால், மதியம் பிரியாணி கொண்டுவரும் டெலிவரி ஊழியருக்கு இந்த இரட்டைச் சம்பளம் எட்டாது. ஆப் கணக்கில் அவர் ஊழியர் இல்லை, 'பார்ட்னர்'. வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கும், சித்தாளுக்கும் அன்று வேலைக்குப் போனால்தான் காசு.

எந்த வீட்டில் ஞாபகம் இருக்கிறது?

ஆட்டோ ஸ்டாண்டிலும், பஸ் டிப்போ வாசலிலும், ஆலை கேட்டிலும் மே 1 காலையில் இன்னும் கொடியேறுகிறது. அப்பாவோடு போய் லட்டு வாங்கிச் சாப்பிட்ட பிள்ளைக்கு அந்த நாள் எதற்கு என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சங்கம் இருந்த வீட்டில் கதை இருக்கிறது. லேப்டாப்பில் தனியாக லாகின் செய்யும் வீட்டிலும், பைக்கில் தனியாக ஓடும் வீட்டிலும் அதைச் சொல்ல ஆளில்லை. இவர்களுக்கோ வேலை எப்போது முடியும் என்பதே தெரியாது.

அடுத்த மே 1 அன்று சினிமா பார்க்கலாம், டிரிப்பும் போகலாம். தாத்தா பாட்டி ஆலையிலோ ரயில்வேயிலோ எஸ்டேட்டிலோ வேலை பார்த்தவர்கள் என்றால், 'உங்க காலத்துல எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லி முடித்ததும், நீங்கள் எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று அவர்களும் கேட்பார்கள்.